இஞ்சி மாச்சிலில் வல்லினமும் மெல்லினமும்

இஞ்சி மாச்சிலைக் கடித்தால் பல் அதிர வேண்டுமா, வாயிலிட்ட அளவில் அது குழைந்துவிட வேண்டுமா என்னும் வினா, மேலை நாடுகள் பலவற்றில் ஒரே வீட்டாரை இரு கட்சியாக்கும் வினாவாக நெடுங்காலம் இருந்து வருகின்றது. தின்பண்டத்தைப் பற்றிய சிறுபேச்சு என்று இதனை ஒதுக்கிவிட எண்ணுவார் எண்ணுக. ஒரு மக்கள் கூட்டத்தின் நா எதனை விரும்புகின்றது, எதனை மறுக்கின்றது என்பது அவர்தம் மொழியைப் போலவே வழிவழி வந்த உடைமையாகும். அதனை இழந்தார்க்கு இழந்தோம் என்னும் உணர்வும் எளிதில் தோன்றுவதில்லை. மேலும், இப்பண்டத்தின் பெயருக்குள் நம் தாய்மொழி இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்கின்றது. ஆகலின் இத்திங்கள் ஆசிரியவுரையை இஞ்சி மாச்சிலுக்கு ஒதுக்குவதில் நமக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

மாச்சில் என்று நாம் எழுதுவது, கடைத்தெருவில் பிசுக்கோத்து என வழங்குவதனையே. மாவாலாகிய சில்லு மாச்சில். இதற்கு ஈரட்டி என்னும் சொல்லும் அறிஞர் சிலரால் ஆக்கப்பட்டுள்ளது. இருமுறை அடப்பட்டது என்னும் பொருளுடைய அயற்சொல்லுக்கு நேராக அமைந்தது அது, சொல்லளவில் செப்பமானதே. ஆயின் இஞ்சி மாச்சில் ஒரே முறைதான் அடப்படுகின்றது. இல்லாத இரண்டாம் அடுதலை அதன் பெயரில் ஏற்றுவானேன்? மாச்சிலே போதும்.

இனி இஞ்சி. ஆங்கிலத்தில் 'சிஞ்சர்' என வழங்கும் சொல்லைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்க. இலத்தீனத்தில் 'சிஞ்சிபெர்' என்று இருக்கும், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிசு', பாலியில் 'சிங்கிவேர'. அதற்கும் அப்பால் செல்வார் இஞ்சிவேர் என்னும் நம் சொல்லின் வாயிலில் வந்து நிற்பர். இடையே வடமொழியார் இதனைச் 'சிருங்கவேர' என்று திரித்து, கொம்பு போன்ற உடலையுடையது என்று பொருளும் கற்பித்துக்கொண்டனர். வேர் என்னும் தெளிந்த சொல் கண்முன் இருக்கக் கொம்பைத் தேடிப் போயினர்! 1952-ஆம் ஆண்டில் ஆலன் இராசு என்னும் ஆங்கில மொழிநூலறிஞர் இவ்வொரு சொல்லின் செலவை மட்டுமே ஆராய்ந்து தனி நூல் எழுதினார். 1807-இல் வில்லியம் இராசுக்கோ என்பார் இச்செடிக்கு இட்ட நிலைத்திணை நூற்பெயரிலும் 'சிஞ்சிபெர்' முன்னிற்கின்றது. நம் மதுரைக்காஞ்சி மலைவளம் கூறுமிடத்து இஞ்சியை மஞ்சளோடு சேர்த்து வைத்தது. பனிபெய்யும் ஊரொன்றில் அடுப்பருகே அமர்ந்து இஞ்சி மாச்சில் சுடும் மூதாட்டி, தான் அறியாமலே, தேய்ந்த தமிழ்ச்சொல் ஒன்றை நாள்தோறும் ஒலிக்கின்றாள்.

ஆனால் அவள் மாவில் இடுவது பெரும்பாலும் இஞ்சியன்று, சுக்கு. ஈரமுள்ளதற்கு இஞ்சி என்றும் உலர்ந்ததற்குச் சுக்கு என்றும் நாம் இருவேறு பெயர் வைத்திருக்கின்றோம். ஆங்கிலத்தார்க்கு இரண்டும் ஒன்றே. வேண்டுமிடத்து 'உலர்ந்த' என்றோர் அடை சேர்ப்பர். நம்மவர் பெயரைப் பிரித்தது சொல்விளையாட்டு அன்று என்பதை வேதியல் காட்டுகின்றது. பச்சை இஞ்சியின் உறைப்புக்கு முதலாவது 'சிஞ்சரால்' என்னும் பொருள். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஒரு பகுதி நீர்க்கூற்றை இழந்து 'சோகயால்' என்னும் வேறு பொருளாகின்றது. சப்பானியர் இஞ்சிக்கு வழங்கும் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். உறைப்பில் இது முன்னதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அடுப்பின் வெம்மையிலோ, சிஞ்சராலில் ஒரு பங்கு 'சிஞ்சரோன்' ஆகி, உறைப்புத் தணிந்து இன்மணம் பெறுகின்றது. ஆகவே பச்சை இஞ்சியை மட்டும் அரைத்துச் சேர்த்துச் சுட்ட மாச்சில் மணக்கும்; உறைப்பில் சற்றுப் பின்தங்கும். சுக்குத்தூள் இட்டதோ தொண்டை வரை சென்று வினவும். உறைப்பை மிக விரும்புவார் சுக்குத்தூளும், துருவிய பச்சை இஞ்சியும், பாகில் ஊறிய இஞ்சித்துண்டும் ஆகிய மூன்றையும் ஒருங்கே சேர்ப்பதுண்டு. மிளகுத்தூள் ஒரு சிட்டிகை கூட்டுவாரும் உளர். நல்ல கூட்டே.

இவ்வுறைப்பு எவ்வகை உடம்பில் வந்து சேர வேண்டும் என்பதில்தான் உலகம் பிரிந்து நிற்கின்றது. தமிழாசிரியன் கண்ணுக்கு இம்மாச்சில்கள் வல்லினம், மெல்லினம், இடையினம் என முந்நிலையாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

வல்லினத்தின் தலைநகரம் ஆசுத்திரேலியாவின் நியூ சவுத்து வேல்சு மாநிலம் எனலாம். அங்கே 'இஞ்சிக்கொட்டை' எனப் பொருள்படும் பெயரால் ஆர்னாட்டு நிறுவனம் விற்கும் மாச்சில் சிறியது, தடித்தது, வெளிர்நிறத்தது. கல்லோ என்று ஐயுறத்தக்க வன்மையது. வில்லியம் ஆர்னாட்டு 1865-இல் அம்மாநிலத்து நியூகாசில் நகரில் தொடங்கிய அடுமனையே இந்நிறுவனத்தின் முதல். இதில் நாம் வியப்பது வன்மையை அன்று. இதே நிறுவனம், இதே பெயரில், குயின்சுலாந்து மாநிலத்தார்க்கு வேறொன்று செய்கின்றது; அது மெல்லிய தகடாகவும் கருநிறமாகவும் இனிப்பு மிக்கதாகவும் இருக்கும். விக்டோரியா, தாசுமானியா மக்களுக்கு உரியது அளவிற் பெரிது, கடிக்க மெத்தென்றிருக்கும். தென் ஆசுத்திரேலியா, மேலை ஆசுத்திரேலியா, வட ஆட்சிப்பகுதி ஆகியவற்றுக்கு நான்காவது ஒன்று. ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு பெயர், நான்கு மாச்சில்!

இது நேர்ந்த வகை அறியத்தக்கது. முற்காலத்தில் அங்கு மாநிலந்தோறும் தனித்தனி அடுமனை நிறுவனங்கள் இருந்தன. விக்டோரியாவில் பிராக்காவு, கெசுட்டு, தென் ஆசுத்திரேலியாவில் மாட்டரம், மென்சு, குயின்சுலாந்தில் மாரோ, மேற்கே மில்சு-வேர். ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து மக்களின் பல்லுக்கும் நாவுக்கும் ஏற்ப இஞ்சி மாச்சில் சுட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெரும்பாலும் 1960-களில், இவை ஒன்றன்பின் ஒன்றாக ஆர்னாட்டோடு இணைந்தன. பெயர்ப்பலகைகள் மறைந்தன, பெட்டிகள் ஒருநிறமாயின. கணக்கெழுதுவார் நோக்கில், நான்கு சேர்மானங்களை வைத்திருப்பதைவிட ஒன்றை வைத்திருப்பது எளிது, சிக்கனமும் ஆகும். அவ்வாறிருந்தும் இஞ்சி மாச்சில் மட்டும் நான்காகவே நின்றுவிட்டது. சிட்டினிக்காரர் மெல்பர்ன் மாச்சிலை இஞ்சி மாச்சில் என்றே ஒப்புவதில்லை. மெல்பர்ன்காரர் சிட்டினி மாச்சிலைக் கண்டால் பல் மருத்துவரை நினைவுகூர்வர். இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்களாய் வாழ்வதில் இதனால் இடையூறு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஒற்றுமை என்றால் எல்லார்க்கும் ஒரே அச்சு என்று கருதுவார் அங்குச் சென்று இரண்டு பொட்டலம் வாங்கித் தின்று வரலாம்.

அண்டையிலுள்ள நியூசிலாந்திலும் வல்லினமே ஆள்கின்றது. அங்குக் கிரிபின்சு நிறுவனத்து இஞ்சி மாச்சில் தேநீரில் தோய்த்தாலன்றிப் பணியாது என்பர்; அவ்வன்மையே அதன் பெருமை.

இவ்வன்மை எங்கிருந்து வருகின்றது? மாவிலிருந்து என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது பாகிலிருந்து வருகின்றது. நம் வீட்டுப் பெண்டிர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கடலையுருண்டைக்குப் பாகு முற்ற வேண்டும்; அதிரசத்திற்கு முற்றலாகாது; முற்றினால் அதிரசம் ஓடு. மாச்சிலிலும் அதே நிகழ்கின்றது. மாவில் நீர் மிகக் குறைவு. சருக்கரையும் பாகும் வெண்ணெயும் மிகுதி. அடுப்பின் சூட்டில் சருக்கரை உருகி மாவின் துகள்களுக்கு இடையே ஓடிப் பரவும். நீண்ட நேரம் சுடச்சுட ஈரம் வெளியேறும். எடுத்து ஆறவைத்தபின் அப்பாகு கண்ணாடி போல் இறுகித் துகள்களைப் பிணித்துவிடும். 'டக்'கென ஒடிவது அக்கண்ணாடியே. சுட்டு எடுத்த சூட்டில் எந்த இஞ்சி மாச்சிலும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பின்னரே அதன் இனம் தெரியும். மேலே காணும் வெடிப்புகளும் இவ்வாறு தோன்றுவனவே. சோடா உப்பு, பாகிலுள்ள புளிப்போடு கூடி வளியை எழுப்பும். மேற்புறம் முந்தி உலர்ந்து இறுகிவிடும். உள்ளிருந்து எழும் வளி அதனைப் பிளக்கும்.

மெல்லினத்தார் அமெரிக்காவில் மிகுதி. அவர்கள் கரும்பாலையில் சருக்கரை பிரித்தபின் எஞ்சும் கரும்பாகைச் சேர்க்கின்றனர். அப்பாகு ஈரத்தை எளிதில் விடாது. காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். முட்டையும் சேர்த்து, ஓரம் இறுகி நடு இன்னும் தளர்ந்திருக்கும்போதே அடுப்பினின்று எடுத்துவிடுவர். ஒரே மாவை 180 பாகை வெம்மையில் பத்து மணித்துளி சுட்டால் மெல்லினம். மேலும் ஐந்து மணித்துளி விட்டால் வல்லினத்தை நெருங்கும். இரு கட்சிக்கும் இடையே உள்ள பெருமலை இவ்வளவே என்று நகையாடலாம். ஆனால் நகரத்தையும் னகரத்தையும் பிரிப்பதும் நாவின் ஒரு சிறு அசைவுதானே!

செருமானியரிடத்தில் இரண்டு இனமும் உண்டு. நூரம்பெர்கு நகரத்து இலெபுகூகன் மெத்தென்றிருக்கும். ஆகன் நகரத்துப் பிரிந்தன் வகையில் வன்மையானது பெயர்பெற்றது. இவ்விரு பெயர்களையும் அவ்வவ்வூரில் செய்வார் அன்றிப் பிறர் இட்டுக்கொள்ளலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1990-களில் சட்டக் காப்பளித்தது. தேன் சேர்த்த இவ்வகை மாச்சில் வீட்டில் இறுகிப்போனால், பெட்டிக்குள் ஆப்பிள் துண்டு ஒன்றை வைத்து மூடுவர். துண்டின் ஈரத்தை உண்டு மாச்சில் இளகிவிடும். இங்கிலாந்தின் யார்க்சயர் வட்டாரத்துப் பார்க்கின் என்னும் இஞ்சிப் பணியாரமோ சுட்ட அன்று உண்ணப்படுவதில்லை. சில நாள் பெட்டியில் அடைத்து வைத்துப் பிசுபிசுப்பேறிய பின்னரே எடுக்கப்படும். வல்லினம் மெல்லினமாகத் திரியும் புணர்ச்சி இலக்கணம் அவர்கள் அடுக்களையிலும் இருக்கின்றது.

இடையினத்திற்கு நாம் காட்டுவது கிராசுமியர் என்னும் ஆங்கில மலையூர். அங்கு 1854-இல் சாரா நெல்சன் என்னும் அம்மையார் சுடத் தொடங்கிய இஞ்சிப் பண்டம் இன்றும் அதே சிறு கல்வீட்டில் விற்கப்படுகின்றது. கடிக்கும்போது பொருபொருவென உதிரும்; மெல்லும்போது சவைக்கும். சேர்மானம் இன்றுவரை மறைவாகவே காக்கப்படுகின்றது. அவ்வீடு அதற்குமுன் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்ததென்றும், பாவலர் வேர்ட்சுவொர்த்து அங்குப் பாடம் சொல்லியதுண்டென்றும் அறியும்போது, கற்பிக்கும் தொழிலாராகிய எம்போன்றார்க்கு ஓர் எண்ணம் எழாமற் போகாது. பாடம் கேட்டார் மறந்திருப்பர். மாச்சில் தின்றார் மறந்திலர்.

இங்கிலாந்தில் இஞ்சிப் பண்டத்தின் தாயகம் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர் வேறொன்று உண்டு. அது சுராப்சயரிலுள்ள மார்க்கெட்டு இட்ரேட்டன். அவ்வூரார் தம் வல்லின மாச்சிலைத் தேநீரில் தோய்ப்பதில்லை. போர்ட்டு என்னும் செந்தேறலில் தோய்ப்பர். ஆர்க்காட்டுக் கோட்டையை 1751-இல் பிடித்த கிளைவு 1725-இல் பிறந்தது இவ்வூருக்கு அருகில்தான். இஞ்சி விளையும் நாட்டை ஆளவந்தவன் இஞ்சி மாச்சிலுக்குப் பெயர்பெற்ற ஊரினன் என்பதைத் தவிர இதில் வேறு பொருள் காண வேண்டா.

சுவீடன் நாட்டார் 'மிளகுப் பணியாரம்' என்று பொருள்படும் பெயரால் வழங்குவது மிக மெல்லிய தகடு. இஞ்சி, பட்டை, கிராம்பு மணப்பது. உள்ளங்கையில் வைத்து நடுவே விரலால் தட்டினால் மூன்றாக உடையின் நினைத்தது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நொறுங்கும் தன்மை இல்லையேல் அவர்கட்குக் குறி பார்க்கும் வழியும் இல்லை!

இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தார் நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு இடர்ப்படுகின்றனர். தமிழன் இடர்ப்பட வேண்டுவதில்லை. உண்டல், தின்றல், நக்கல், பருகல் என்று உணவை உட்கொள்ளும் வகையையே பொருளின் தன்மைக்கேற்பப் பிரித்த மொழி நம் மொழி. தின்றலுக்குள்ளும் கடித்தல் வேறு, கறித்தல் வேறு, கொறித்தல் வேறு. மெல்லுதல் வேறு, குதட்டுதல் வேறு, சப்புதல் வேறு. கரகரப்பு என்றால் பல்லில் மணல்போல் நெருடுவது. மொறுமொறுப்பு என்றால் பல்லுக்கு இசைந்து ஒலியோடு நொறுங்குவது. பொருபொருப்பு என்றால் பிணிப்பின்றி உதிர்வது. சவசவப்பு என்றால் ஈரமேறிக் கெட்டது. சிட்டினி மாச்சில் கறிக்கத்தக்கது. சுவீடன் மாச்சில் கொறிக்கத்தக்கது. அமெரிக்க மாச்சில் மெல்லத்தக்கது. 'கிரிசுப்பு' என்றும் 'சாப்டு' என்றும் சொல்லித் திரியும் நம் இளைஞர்க்கு இச்சொற்கள் பாட்டன் வைத்துப்போன நிலம், பட்டா அவர்கள் பெயரில்தான் இருக்கின்றது, உழுவார்தாம் இல்லை.

வன்மை மிக்கதைத் தேநீரில் தோய்த்தல் நாகரிகமா என்று கேட்பாருமுண்டு. பிரிசுட்டல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இலென் பிசர் என்னும் இயற்பியலார் 1998-இல் இத்தோய்த்தலையே ஆராய்ந்தார். நகையும் எண்ணமும் ஒருங்கே விளைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் இக்நோபல் பரிசு 1999-இல் அவருக்குக் கிடைத்தது. மாச்சில் என்பது மாத்துகள்களைச் சருக்கரை பிணித்து நிற்கும் ஒரு கட்டடம். சூடான தேநீர் நுண்புழைகள் வழியே ஏறுங்கால் பிணிப்புக் கரையும். துகள் ஊறி மெத்தென்றாகும். நேரம் கடந்தால் கட்டடம் கோப்பைக்குள் இடிந்து விழும். ஆகவே செங்குத்தாகத் தோய்க்காமல், தட்டையாகப் பிடித்து அடிப்புறம் மட்டும் நனையச் செய்க என்பது அவர் கூறிய வழி. மேற்புறம் உலர்ந்திருப்பதால் அது நனைந்த பகுதியைத் தாங்கும். பல் தளர்ந்த முதியோர்க்கு வல்லினத்தை விலக்கி வைக்க வேண்டுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் கருத்து யாதெனின், உறைப்பு மிக்க இஞ்சி மாச்சிலுக்கு வல்லுடம்பே உரியது. கரணியமும் சொல்வோம். இஞ்சியின் உறைப்புப் பொருள்கள் நீரில் எளிதிற் கரையா, நெய்ப்பிற் கரைவன. மெல்லின மாச்சில் வாய்க்குள் விரைந்து குழைந்து, இனிப்பை முந்தவிட்டு, உறைப்பு எழுமுன் தொண்டை கடந்துவிடுகின்றது. வல்லினமோ தங்குகின்றது. முதலிற் கடி, பின் இனிப்பு, மெல்ல மெல்ல உறைப்பு, விழுங்கிய பின்னும் நெஞ்சில் ஒரு வெம்மை. வந்தவுடன் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும் விருந்தினரைவிட, சற்றுப் பொறுத்துப் பேசத் தொடங்குவார் நமக்கு இனியர். மெல்லினத்தை விரும்புவாரோடு நமக்குப் பகையில்லை. மழைநாளில் சுடச்சுட எடுத்த மெத்தென்ற மாச்சிலின் நடுவே இஞ்சித்துண்டு கடிபடும் இன்பத்தை மறுப்பார் யார்? ஆனால் சுக்கைக் கூட்டிக்கொள்க என்பதே அவர்க்கு நம் வேண்டுகோள்.

நம் வழக்கு வேறொருவர் மேலது. இஞ்சி என்று உறையில் எழுதிவிட்டு, உள்ளே இனிப்பும் மணமும் மட்டும் வைத்து விற்பார் மேலது. குழந்தைகள் உறைப்பை விரும்பார் என்பது அவர் கூற்று. சுக்குக் கருப்பட்டி உண்டு வளர்ந்த குழந்தைகளின் நாடு இது! உறைப்பை அறியாத நாவை வளர்த்துவிட்டு, அந்நா உறைப்பைக் கேட்கவில்லை என்பது என்ன வழக்கு? உறையின் புறத்தே அச்சிட்ட சேர்மானப் பட்டியலில் இஞ்சியோ சுக்கோ எவ்விடத்தில் நிற்கின்றது என்று பார்த்து வாங்குக. கடைசி வரியில் நின்றால் அது இஞ்சி மாச்சில் அன்று. இஞ்சியின் பெயர் கேட்ட மாச்சில்.

பெயர் பற்றியும் ஒரு சொல். ஈழத்தில் மலிபன், மஞ்சி நிறுவனத்தார் செய்யும் இஞ்சி மாச்சில்கள் தேநீருக்குத் துணையாய் நெடுநாள் வழங்கி வருகின்றன. அவற்றை இஞ்சி என்றே கேட்டு வாங்குவார் அங்கு மிகப் பலர். தமிழ்நாட்டு அடுமனைகளிலோ 'சிஞ்சர்' என்று எழுதுவதே சிறப்பெனக் கருதப்படுகின்றது. கடல் கடந்து சென்ற நம் மகள் கிரேக்க உடையும் இலத்தீன உடையும் மாறி மாறி அணிந்து ஆங்கில உடையில் வீடு திரும்பியிருக்கின்றாள். அவளைப் பிறந்த பெயரிட்டு அழைப்பதில் என்ன குறை? பலகையில் 'இஞ்சி மாச்சில்' என்றெழுதி, பக்கத்தில் வல்லது, மெல்லது என்று குறித்துவிட்டால் வாங்குவார்க்கும் எளிது.

வீட்டிற் செய்வார்க்கு இறுதியாக ஒரு குறிப்பு. வல்லது வேண்டின் வெண்சருக்கரையை மிகுத்து, முட்டையை விலக்கி, மெல்லிதாகத் தட்டி, அடுப்பைச் சற்றுத் தணித்து நெடிது சுடுக. மெல்லது வேண்டின் வெல்லப்பாகைக் கூட்டி, தடிப்பாகத் தட்டி, நடு இறுகுமுன் எடுக்க. சுக்கைக் கடையில் பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி, மேல்தோல் சீவி, அன்றன்று இடித்துச் சலிக்க. ஆறிய பின்னரே செப்பில் இடுக. சூட்டோடு மூடினால் ஆவி நீராகி இரண்டும் சவத்துப்போகும். வல்லதையும் மெல்லதையும் ஒரே செப்பில் அடைக்கலாகாது. மெல்லதன் ஈரத்தை வல்லது இழுத்துக்கொள்ள, நாலைந்து நாளில் வல்லது தளரும், மெல்லது வறளும், செப்பைத் திறந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். செப்பு இரண்டு வைத்துக்கொள்க.